கார் நின்ற வாசல்

தண்ணி நல்லாகக் கொதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மா கட்டிபட்டுப் போகும், கட்டிபட்ட மாவைத் தகரப் பேணியால் எவ்வளவு கொத்தினாலும் நடுவில் பச்சையாகவே கிடக்கும். இது சுகிர்தாவுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் இன்றைக்குக் கேத்தில் இரைந்து அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் ஊற்றினாள். கேத்தில் இரைகிறபோது மேசையில் வதனி மச்சாள் சொல்வது கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாயும் இருந்தது, கேட்காமல் எப்படி இருக்கிறது என்று பயமாயும் இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றதில் தண்ணி ஆறிப்போயிற்று. இப்போது மா கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் சுவர் கிடையாது, திரும்பினால் மூன்று பேரையும் பார்க்கலாம். மச்சாள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருக்கிறா. பக்கத்துக் கதிரையில் புருசன் பகீரதன், அவன் மடியில் மகன் ஆரூரன், ஆரூரனின் வாயில் கார்த் திறப்பு கோத்த சாவி வளையம். அவள் திரும்பவில்லை. முதுகாலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் என்று மச்சாளிடம் போனில் சொன்னது அவள்தான், "கார்ப் பார்க் தண்டத்துக்கு அக்கா வந்து பதில் எழுதித் தந்தால் அவங்கள் ஒரு நாளும் வெல்லமாட்டாங்கள்" என்று பகீரதன் சொன்னபோது தலையாட்டியதும் அவள்தான். தலையாட்டுவது அவளுக்குச் சுகம். வாய் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால்தான் சொல்லும் இந்த மா மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"இஞ்ச பார் தம்பி, இவங்கள் பொலிசும் இல்லை, கவுன்சிலும் இல்லை. பிறைவேற் கொம்பனி. பயப்பிட ஒண்டுமில்லை" என்கிறா மச்சாள். மச்சாள் இருபது வருசத்துக்கு முன்னமே வந்து இங்கே படித்து, ஒரு ஒபிசில் கடிதங்களோடேயே காலம் கழிக்கிறவ. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் சொந்தக்காரர் எல்லோரும் அவவைத்தான் கூப்பிடுவார்கள், அவவும் வந்துவிடுவா, வந்து எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த கொண்டாட்டத்தில் பத்துப் பேருக்கு முன்னால் அதைச் சொல்லியும் காட்டுவா. "காலமை பத்தரைக்கு உள்ள வாற படம் ஒண்டு, பின்னேரம் நாலரைக்கு வெளிய போற படம் ஒண்டு. ஆறு மணித்தியாலம் கடைக் கார்ப் பார்க்கில நிண்டதாம். மூண்டு மணித்தியாலம்தான் விடுவாங்களாம். இடையில வெளிய போனதையும் திரும்பி வந்ததையும் கமரா பிடிக்கேல்லை. முன்னால பெரிய வான் ஏதும் நிண்டால் பிடிக்காது, என்ர ஒபிசில ஒருத்திக்கும் இப்பிடித்தான்." பகீரதன் மேசையில் தட்டினான். "அதைத்தானே நான் முதல் நாளே சொன்னனான். காலமை ஒருக்காப் போனவள், பிறகு நான் வேலையில நிண்டு போன் பண்ணி பம்பேர்ஸ் முடிஞ்சுது வாங்கி வையும் எண்ட பிறகு ஒருக்காப் போனவள். என்ன சுகிர்தா?" அவள் முதுகோடு தலையாட்டினாள். அது உண்மை. இரண்டு முறை போனது முழு உண்மை, சாமிக்கு முன்னாலும் சொல்லலாம். உண்மையைச் சொல்கிறபோது ஏன் முதுகு வியர்க்கிறது? "இதில பாருங்கோ" என்று மச்சாள் கடிதத்தைத் தட்டினா, "ஓட்டினது ஆரெண்டு இவங்களுக்குத் தெரியாது. காரின்ர பதிவு ஆற்ற பேரில கிடக்கோ அந்த ஆளுக்குத்தான் அனுப்புறது. கார் பகீரதன் சுகிர்தா எண்டு இவளின்ர பேரில கிடக்கு. அதால நான் எப்பிடி எழுதுறன் எண்டால், இந்தக் காரின்ர பதிவில இருக்கிற ஆள் நான், இதை நான் ஏற்கேல்லை. அவ்வளவுதான். ஓட்டினது ஆர், எங்க போனது, ஒண்டும் சொல்லத் தேவையில்லை." ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த வார்த்தை சூடான தேத்தண்ணி போல அவளுக்குள் இறங்கியது. சட்டமே அப்படி இருக்கிறது, அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம், பதிவில் பேர் மட்டும் இருந்தால் போதும். பேர். ஆரூரன் பிறந்து ஆஸ்பத்திரியால் வந்த கிழமை பகீரதன் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் விட்டுவிட்டுத் திறப்பை அவள் கையில் வைத்து, "உம்மட பேரிலதான் எழுதினனான், உலகத்தில உம்மட பேரில ஒண்டெண்டாலும் கிடக்கட்டும்" என்று சொன்னான். அவளுக்கு அழுகை வந்து, அழுதால் பால் வற்றும் என்று மச்சாள் பேசினா. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போயிற்று, மரத்துக்குக் கீழே கொஞ்ச நாள் நடந்தது, பிறகு அந்த மரமும் போயிற்று. அவள் பேர் எழுதின ஒரு கொப்பிகூட மிஞ்சவில்லை. அப்படிப்பட்டவளின் பேரில் ஒரு கார். அந்தக் காரிலேயே அவனுக்குத் தெரியாமல்.

கட்டிகளைப் பேணியின் விளிம்பால் கொத்தினாள். டக்கு, டக்கு. கொத்த வேண்டும், அழுத்தக் கூடாது. அன்றைக்கு மோட்டர்வேயில் ஏறினபோது ஸ்ரியறிங்கை அழுத்திப் பிடித்த பிடியில் இரண்டு நாள் விரல் மடங்கவில்லை, பகீரதன் கேட்டதற்குத் தேங்காய் துருவினதால் என்று சொன்னாள், தேங்காய்ப்பூ பைக்கற்றில் வாங்குகிற வீட்டில் அந்தப் பொய் எப்படி எடுபட்டதோ. லொறிகள், எத்தனை பெரிய லொறிகள், பக்கத்தில் வரும்போது கார் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தது, காருக்கும் பயம். மூன்றாம் தரம்தான் லைசன்ஸ் எடுத்தவள், கடைக்கும் டொக்டரிடமும் கோயிலுக்கும் தவிர வேறு பாதை தெரியாதவள், லூட்டன் டவுன்வரைக்கும் காரை ஓட்டினாள். பின்னால் சீற்றில் ஆரூரன் பாடிக்கொண்டு வந்தான். அவளும் கூடப் பாடினாள், பயத்தில். பாட்டு நடுவில் தங்கச்சி சங்கவி போனில் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டது, "அக்கா, ஞாயிறு இல்லை, சனி வாறது முப்பத்தொண்டு, பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள். ஜூட் வேதக்காரன், அவருக்கு இது ஒண்டும் தெரியாது. ஆனால் எனக்கு மனசு கேக்குதில்லை. துடக்குத் தீட்டுக் கழிக்கிற அண்டைக்கு என்ர பக்கத்தால ஒரு சனமும் இல்லாமல் பிள்ளையின்ர மொட்டையைப் போடுறதே? நீ மட்டும் வா. பெரியம்மா எண்டாலும் தூக்கட்டும்." மூன்று வருசத்தில் சங்கவி கேட்ட ஒரே ஒரு விசயம் அது. காசு கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, மச்சாளிடம் பேசிப்பார் என்று கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கு என்று கேட்டாள். அதனால்தான் காலமை பத்தரைக்கு அந்தக் கடைக்குப் போனது, முயல்குட்டிப் படம் போட்ட சின்னப் போர்வை ஒன்று வாங்க. அதனால்தான் இந்தப் படம். வாங்கி, பையைப் பின்சீற்றுக்குக் கீழே தள்ளி, தள்ளும்போது சுற்றிவரப் பார்த்து. கள்ளிபோல. ஒரு முயல்குட்டிப் போர்வைக்கு.

சங்கவியின் வீடு மாடி, லிப்ற் இல்லை, படிகளில் யாரோ பொரித்த மீனின் மணம். கதவு திறந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை, பிள்ளையை நீட்டினாள். பெண் பிள்ளை. மொட்டையில் சந்தனம் பூசியிருந்தது, ஜூட்தான் போனைப் பார்த்துப் பார்த்துப் பூசினானாம், நெற்றியில் இறங்கிக் காதுவரைக்கும் பூசிவைத்திருந்தான். "அக்கா, பிழையெண்டால் சொல்லுங்கோ, கழுவிப்போட்டுத் திருப்பிப் பூசுறன்" என்றான் அந்த மன்னார்ப் பெடியன். அவனை அவள் அன்றைக்குத்தான் நேரே பார்த்தாள். எல்லோரும் சொன்னதை வைத்து அவள் மனதில் ஒரு முரடனை வைத்திருந்தாள். இவனோ சந்தனக் கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு நின்றான். பிள்ளை அவள் தோளில் கிடந்து அழத் தொடங்கியதும் போன் அடித்ததும் ஒன்றாக நடந்தது. பகீரதன். எடுக்காவிட்டால் திருப்பி அடிப்பான், திருப்பியும் எடுக்காவிட்டால் பயந்துபோய் வேலையை விட்டுவிட்டு வருவான், அவன் அப்படித்தான். பிள்ளையோடேயே படிக்கட்டுக்கு வந்து எடுத்தாள். "பம்பேர்ஸ் கிடக்கே? முடிஞ்சுதெண்டு விடிய சொன்னனீர், வாங்கி வையும். எங்க நிக்கிறீர்?" "வீட்டிலதான்." அந்த ஒரு சொல் எவ்வளவு இலேசாக வந்தது. வாய் திறக்கவே கஷ்டப்படுகிறவளுக்கு அது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. "என்ன, இவன் இந்தக் கத்துக் கத்துறான்?" என்றான் பகீரதன். அப்போதும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் என்ன செய்தாள்? போனைச் சங்கவியின் பிள்ளையின் காதுக்குக் கிட்ட வைத்தாள். அவன் நம்பட்டும் என்று. "என்ர குஞ்சு, அழாதேங்கோ, அப்பா வாறன், அப்பா கெதியா வந்திடுவன்" என்று அவன் சொன்னது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகை நின்றுபோயிற்று. உள்ளே ஆரூரன் ஜூட்டின் தோளில் ஏறிச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நிமிசம். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதை எல்லாம் கழுவிவிடலாம், அந்த ஒரு நிமிசத்தை என்ன செய்தும் கழுவ முடியவில்லை. திரும்பி வரும்போது பம்பேர்ஸ் வாங்க மறுபடி அதே கடை, அதே வளைவு, அதே கமரா. நல்ல பிள்ளை போலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தாள்.

"சரி, இனி ஒண்டு" என்றா மச்சாள், "கமரா பிழையெண்டு சொல்லுறது காணாது. நடுவில கார் வேற எங்கையோ நிண்டதெண்டு காட்டவேணும். சுகிர்தா, வீட்டில நிண்ட நேரம் ஆரும் வந்தவையோ? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கண்டிருப்பாளோ? காரை வாசல்ல கண்டதெண்டு ஒரு ஆள் எழுதித் தந்தாக் காணும், அவங்கள் விட்டிடுவாங்கள்." டக்கென்று பேணி சட்டியின் விளிம்பில் பட்டது. ஒரு ஆள். ஒரு ஆள் இருக்கிறாள். காரை வாசலில் கண்டவள், மேல்மாடி யன்னலால் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினவள், போகும்போது படியிறங்கி வந்து பின்சீற்றுக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவள். எழுதித் தா என்றால் இந்த நிமிசமே எழுதித் தருவாள். "ஒருத்தரும் வரேல்லை மச்சாள்" என்றாள் சுகிர்தா. "பக்கத்து வீட்டாக்கள் அண்டைக்கு இல்லை." அடுப்பில் தண்ணி கொதித்து, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியின் வாயால் ஆவி வரத் தொடங்கியது. முட்டாள், முதல் நாளே வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமே. கமரா பொய் சொன்னது, அந்தப் பொய் அவளுக்குத்தான் துணையாக வந்தது: நாள் முழுக்கக் கார்ப் பார்க்கில் நின்றாய் என்று அது அவளுக்குச் சாட்சி சொன்னது. ஓம் அங்கதான் நிண்டனான், பிள்ளை காரில நித்திரையாப் போட்டான், எழுப்ப மனமில்லாமல் நானும் கண்ணயர்ந்திட்டன் என்று சொல்லியிருந்தால் பகீரதன் இரண்டு நாள் ஏசியிருப்பான், காசைக் கட்டியிருப்பான், முடிந்திருக்கும். ஆனால் கடிதத்தை உடைத்தது அவன். அவளுடைய பேர் போட்ட கடிதங்களை அவன்தான் உடைப்பான், அவளே அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாள், ஆங்கிலத்துக்குப் பயந்து. உடைத்துப் படித்த முகத்தோடேயே, "ரெண்டு தரம் போனனீர் எல்லே?" என்று கேட்டான், அவள் தலையாட்டினாள், அதிலிருந்து இந்த மேசை, இந்த மச்சாள், இந்தப் புட்டு.

மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறிமாறிப் பெட்டியில் போட்டாள். ஆவி முகத்தில் அடித்தது. இந்தக் குசினிக்கு மேலே சீலிங்கில் ஒரு வெள்ளைப் பெட்டி கிடக்கிறது, புகை வந்தால் கத்துகிற பெட்டி. இப்போது கத்தாது, அதன் பற்றரியை மூன்று வருசத்துக்கு முன் மச்சாள் கதிரையில் ஏறிக் கழட்டினா, பிறகு ஒருவரும் திருப்பிப் போடவில்லை. கேதீஸின் பொன்னுருக்கு அன்றைக்கு. பகீரதனின் தம்பி கேதீஸுக்குச் சங்கவியைப் பேசிக் கொண்டுவந்தது சுகிர்தா. பராமரிப்பு இல்லத்தில் வேலைக்கென்று வந்து தனியாகக் கிடந்த தங்கச்சி, ஒரு வீட்டுக்கே இரண்டு மருமக்களாக இருப்போம் என்று ஆசைப்பட்டது அவள். நல்ல நேரம் பார்த்துப் பத்தர் இந்த முன்னறையில்தான் சின்ன ஊதுகுழலோடு வந்து குந்தினார். தாலிக்குப் பொன் உருகத் தொடங்க, பெட்டி வீறிட்டுக் கத்தியது, சனம் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது, "அக்கினி சாட்சியெண்டால் இதுதானடாப்பா" என்று யாரோ சொல்ல மச்சாள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினா. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவளுக்கு மட்டும் தெரியும். அதற்கு முதல் நாள் பின்னேரம் சங்கவி அவள் கையைப் பிடித்து, "அக்கா எனக்கு ஏலாது, என்னோட வேலை செய்யிற ஜூட்டை நான் விரும்புறன், நீ சொல்லு, நீ சொன்னால் அவையள் கேப்பினம்" என்று சொன்னாள். "விடியட்டும், கதைப்பம்" என்றாள் இவள். விடிந்தது. கதைக்கவில்லை. யாரிடம், எப்படி, எந்த வாயால்? பொன் உருகுகிறதைப் பார்த்துக்கொண்டு தட்டத்தோடு நின்றாள். உருக்கின பிறகு மாறுவது என்றால் அது சின்ன விசயமா? மூன்றாம் நாள், கலியாணத்துக்கு முன்னமே, சங்கவி போய்விட்டாள். கேதீஸ் கனடாவுக்குப் போய் இன்றுவரைக்கும் அண்ணனோடு நல்லாக் கதைப்பதில்லை. அந்தத் தாலி மச்சாளின் பீரோவில் கிடக்கிறது. "உருக்கின பொன்னை இனி என்ன செய்யிறது, ஆற்ற கழுத்தில போடுறது?" என்று மச்சாள் ஒருநாள் அழுதா. மச்சாள் அழுது அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான். சங்கவியின் பேரை அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் எடுத்ததில்லை, ஊரில் அம்மாகூட எடுப்பதில்லை, அவளும் எடுத்ததில்லை. எல்லோரும் ஓடினவள் என்கிறார்கள். ஓடமுன் கேட்டாள் என்பது சுகிர்தாவுக்கு மட்டும்தான் தெரியும். பங்கருக்குள் கிடந்த நாட்களில் சின்னவள் பயந்து கத்தத் தொடங்கினால் அம்மா இவளைத்தான் பார்ப்பா, இவள் சங்கவியின் வாயைப் பொத்துவாள், சின்ன வாய், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், சுடு மூச்சு விரல்களுக்கு நடுவால் வரும். அப்போது பொத்தத்தான் வேண்டும். ஷெல் போய்விட்டது, பங்கர் போய்விட்டது, கை மட்டும் எடுபடவில்லை.

"அப்ப நான் எழுதித் தாறன்" என்றான் பகீரதன். ஆரூரனை ஒரு துடையிலிருந்து மற்றத் துடைக்கு மாற்றினான். "அண்டைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் வீட்டை வந்தனான், கார் வாசல்ல நிண்டதைக் கண்டனான் எண்டு எழுதுங்கோ அக்கா. நான் கையெழுத்து வைக்கிறன்." மச்சாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தா. "வந்தனியோ?" "வரேல்லை. ஆனால் கார் வாசல்லதானே நிண்டது? சுகிர்தா வீட்டில நிண்டவள்தானே? கண்டால் என்ன, காணாட்டில் என்ன, நடந்ததைத்தானே எழுதுறம்." "அப்பிடியெண்டாச் சரி" என்றா மச்சாள், விரல்கள் ஓடத் தொடங்கின. சுகிர்தாவின் கை நீத்துப்பெட்டியின் மூடியில் அப்படியே நின்றது, ஆவி சுடுகிறது, சுடுவது தெரிகிறது, எடுக்கத் தெரியவில்லை. இவனா. இவனா இதைச் சொல்கிறான். விசாவுக்கான விசாரணையில் எந்தத் திகதியில் உன்னைத் தடுப்புக் காவலிலிருந்து விட்டார்கள் என்று கேட்டபோது ஞாபகம் இல்லை என்று சொன்னவன். ஏதோ ஒரு திகதியைச் சொல்லிவிடு, யார் போய்ப் பார்க்கிறது என்று கூட இருந்தவர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். "ஞாபகம் இல்லாததை ஞாபகம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றானாம். அந்த ஒரு திகதிக்காக எத்தனை வருசம் இழுபட்டான், தாய் செத்ததற்குப் போக முடியாமல் பெற்றோல் செற்றின் பின்னறையில் இருந்து அழுதான், அப்போதும் சொல்லவில்லை. இப்போது சிற்றிசனுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் கதவுக்குக் கீழே கடிதம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறான். இந்த நேரத்தில் ஒரு பொய்க் கையெழுத்து. கொம்பனிக்காரன் மோட்டர்வேக் கமராவைப் பார்த்தால்? பார்க்க முடியுமா, பார்க்க மாட்டார்களா, அவளுக்கு என்ன தெரியும், ஏழாம் வகுப்பு. லூட்டனுக்குப் போகிற வழியில் எத்தனை கமரா, எத்தனை படம், எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்காதா, கார் லூட்டனில், இவர் வீட்டு வாசலில் கண்டேன் என்கிறார், அப்ப இந்த ஆள் பொய்க்காரன், அப்ப இந்த ஆள் முந்திச் சொன்னதும் பொய். இல்லை, அப்படியெல்லாம் நடக்காது, சின்ன விசயம், கார்ப் பார்க். நடக்காவிட்டாலும், ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும், வாழ்க்கையில் ஒரு திகதிகூடப் புழுகாத மனிசன் முதல்முதல் பொய்க்குக் கையெழுத்து வைக்கப்போவது அவளை நம்பி. அவள் தலையாட்டினதை நம்பி. கண்டனான் என்கிறான். அவள் சொன்னால் அவன் கண்ட மாதிரி. கதைப்பம். விடியட்டும், கதைப்பம். மச்சாளின் விரல்கள் வலு வேகம், டக்கு டக்கு டக்கு, அங்கே பொன் உருகுகிறது, இவள் தட்டத்தோடு நிற்கிறாள். "இந்தா தம்பி, முடிஞ்சுது. பேரை முழுசா அடிக்கிறன். பகீரதன்..."

"அவரின்ர பேரைப் போடாதேங்கோ மச்சாள்." தன் குரல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டு பேரும் திரும்பினார்கள். "ஏன், என்ன?" "அவர் காணேல்லை." "காணாட்டிலும் நிண்டதுதானே எண்டு சொல்லுறான், நீர் ஏன் இதுக்கு..." "நிக்கேல்லை." கையை மூடியிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள். "கார் எங்கட வாசல்ல நிக்கேல்லை. லூட்டனில நிண்டது. சங்கவியின்ர வாசல்ல." மூன்று வருசமாகச் சொல்லாத பேர். சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை, சீலிங் பெட்டியும் கத்தவில்லை, ஆவி மட்டும் உஸ்ஸென்று வந்தது. "அண்டைக்கு அவளின்ர பிள்ளைக்கு முப்பத்தொண்டு. நான்தான் போனனான். ஆள் வேணுமெண்டால் அவள் எழுதித் தருவாள். அவள்தான் கண்டவள்." பிறகு, நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயந்து, "பொன்னுருக்குக்கு முதல் நாளே அவள் எனக்குச் சொன்னவள் மச்சாள். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்றாள்.

மச்சாள் நிமிர்ந்து சீலிங்கில் கிடந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தா. "நான் கதிரையில ஏறி நிண்டு சிரிச்சனான்" என்றா, "நீர் கீழ நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீர்." பகீரதன், "மோட்டர்வேயிலயோ போனனீர்? இவனையும் வைச்சுக்கொண்டு?" என்று கேட்டான், கேட்டுவிட்டு அது தான் கேட்க வந்த கேள்வி இல்லை என்பதுபோல் நிறுத்தினான். மச்சாள் ஒரு விரலால், ஒவ்வொன்றாக, அடித்ததை அழிக்கத் தொடங்கினா. டக். டக். டக். "அவளின்ர பேரை என்ர கையால அடிக்க வைக்கிறீர்" என்றா. கணினியை மூடப்போகிறா என்று சுகிர்தா நினைத்தாள். மூடவில்லை. முகத்தைத் தூக்காமலே, "லூட்டனில வீட்டு நம்பர் என்ன?" என்று கேட்டா. சுகிர்தா சொன்னாள். மேல்மாடி என்பதையும் சொன்னாள்.

நீத்துப்பெட்டி வழிய வழிய ஆவி போய்ப் புட்டின் அடிப்பக்கம் தண்ணி ஏறி ஊறியிருக்கும், தட்டினால் உடைந்து கொட்டும், அவள் இறக்கவில்லை. பகீரதன் ஆரூரனின் வாயிலிருந்து திறப்பு வளையத்தை எடுத்துத் தன் சேட்டில் துடைத்தான். துடைத்துவிட்டு மகனின் முகத்தைப் பார்த்தான், யாருடைய பிள்ளை என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பதுபோல. "அண்டைக்குப் போனில அழுதது ஆர்?" என்றான். தலையாட்டிச் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. "சங்கவியின்ர பிள்ளை" என்றாள். அவன் கார்த் திறப்பை மேசையில் வைத்தான், அவள் பக்கமாகவும் இல்லை, தன் பக்கமாகவும் இல்லை, நடுவில்.

"நான் அழாதேங்கோ எண்டு சொல்ல அழுகையை நிப்பாட்டினது" என்றான் பகீரதன். "அப்ப, அது அந்தப் பிள்ளை."